மாணவன் என்று கையொப்பமிட்ட பேரறிஞர்

எமது கல்லூரியின் மேல் வகுப்புகளிலே புள்ளிவிபரவியல் பயின்றோர் எவரும் ஸ்ரூடன்ற் என்பாரின் ரீ சோதனையைச் செய்து பாராதிருத்தல் இயலாது. ஆயினும் அப்பெயர் ஒருவருடைய புனைபெயர் என்பதை அறிந்தோர் சிலரே. மாணாக்கர் பயில்வதற்கென எளிமையாக்கித் தரப்பட்ட சோதனையாதலின் இப்பெயர் பெற்றது போலும் என்றே நாமும் பல காலம் எண்ணியிருந்தோம். தம்மை வாழ்நாள் முழுவதும் மாணவன் என்று அழைத்துக்கொண்ட ஒருவரின் வரலாறு, ஒரு கல்லூரியின் பழைய மாணவர் வெளியிடும் மலரில் இடம்பெறுதல் பொருத்தமே எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

அவரது இயற்பெயர் வில்லியம் சீலி கொசெற். இங்கிலாந்தின் கன்ரபரி நகரிலே 1876ஆம் ஆண்டு யூன் மாதம் 13ஆம் நாள் பிறந்தார். தந்தையார் படையின் பொறியியற் பிரிவிலே உயர் பதவி வகித்தவர். மைந்தரும் அத்துறையிற் புக விரும்பினார். கண்பார்வைக் குறைவினால் அது கைகூடவில்லை. வின்செஸ்ரர் பள்ளியிலும் பின்னர் ஒக்ஸ்போட்டிலுள்ள நியூ கொலிச்சிலும் பயின்று, 1897இல் கணிதத்திலும் 1899இல் இரசாயனத்திலும் முதல் வகுப்புச் சித்தி எய்தினார். அவ்வாண்டிலேயே அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள கினெஸ் வடிசாலையிலே பணிக்குச் சேர்ந்தார்.

வடிசாலை என்றதும் எம் அன்பர்களிற் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். சைவ மரபிலே தோன்றிய கல்லூரியின் மலரில் பியர் வடிப்பவரின் சரிதம் எதற்கு என்ற வினா எமக்கும் எழாமலில்லை. பானத்தின் பெருமை பேசுதல் எம் நோக்கமன்று. அப்பானத்தை ஆக்கும் தொழிலிலே எழுந்த ஒரு கணக்கே எம் பொருள். அக்கணக்கு வெங்காயத் தோட்டக்காரருக்கும் மருத்துவருக்கும் ஒருங்கே உரியது.

கினெஸ் நிறுவனம் அக்காலத்திலே ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பட்டதாரிகளை வரவழைத்துத் தொழிலை விஞ்ஞான முறையில் நடத்த முயன்றது. எந்தப் பார்லி நல்லது, எந்த ஹொப்ஸ் பூ நெடுநாள் தாங்கும், மதுவத்தின் கலங்கள் ஒரு துளியில் எத்தனை என்பனவெல்லாம் ஆராயப்பட்டன. இடர்ப்பாடு யாதெனின், ஒவ்வோர் ஆய்விலும் கிடைத்த அளவுகள் மிகச் சிலவே. ஒரு புதிய பார்லி வித்தை நான்கு நிலங்களில் விதைத்து அறுவடை செய்ய ஓராண்டு கழியும். ஆண்டின் முடிவிலே கையில் இருப்பன நான்கே எண்கள். அந்த நான்கைக் கொண்டு, பல்லாயிரம் உழவர் எவ்வித்தை விதைப்பது என்று முடிவு கூறல் வேண்டும். பிழைத்தால் இழப்பு அவர்களுடையது. எங்கள் குடாநாட்டிலே இரண்டு பரப்புச் செம்மண்ணிற் புகையிலையோ வெங்காயமோ வைத்துப் பார்த்து அடுத்த போகத்துக்கு முடிவு செய்யும் கமக்காரனின் நிலையும் இதுவே.

அந்நாளைய புள்ளிவிபரவியலோ பெருந்தொகை அளவுகளுக்கென எழுந்தது. அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் நியம விலகலைக் கையிலுள்ள அளவுகளிலிருந்தே கணித்து, அதனையே உண்மை விலகலாகக் கொண்டு, மணி வடிவான செவ்வன் பரம்பலிலே இட்டுப் பார்ப்பர். அளவுகள் ஆயிரமாயின் குற்றமில்லை. நான்காயின் அந்த விலகலே ஐயத்துக்குரியது. தற்செயலாக நான்கும் நெருங்கி விழுந்தால், அறியாதவன் தான் மிக நன்கு அறிந்துவிட்டதாக மயங்குவான். கொசெற் 1904இல் வடிசாலைக்கு எழுதிய அறிக்கையிலே, கணிதம் வல்ல ஒருவரைக் கலந்தாலோசித்தல் வேண்டும் என எடுத்துரைத்தார். மறு ஆண்டு விடுமுறையிலே, இலண்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் பியர்சன் தங்கியிருந்த கிராமத்துக்கு ஏறக்குறைய 20 மைல் தூரம் சைக்கிளிற் சென்று அவரைக் கண்டார். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் தூரம் அது. அச்சந்திப்பின் பயனாக 1906இலிருந்து ஓராண்டளவு பியர்சனின் ஆய்வுகூடத்திலே தங்கிப் பயிலும் வாய்ப்பை நிறுவனம் அவருக்கு அளித்தது. அவ்வாண்டிலேயே மாஜரி என்னும் நங்கையை மணந்தார்.

நிறுவனத்தார் அக்காலத்திலே தம் ஊழியர் சொந்தப் பெயரால் ஆய்வு வெளியிடுதலை அனுமதிக்கவில்லை. தொழில் இரகசியம் புறத்தே போகும் என்ற அச்சமே காரணம். ஆகவே பயோமெற்றிக்கா என்னும் சஞ்சிகையிலே 1908இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற கட்டுரை, ஸ்ரூடன்ற் என்ற பெயரையே தாங்கி நின்றது.

அக்கட்டுரை முற்றும் நிறுவப்பட்ட தேற்றமன்று. பாதி கணிதம், பாதி கூர்ந்த ஊகம். தம் ஊகத்தைச் சோதிக்க அவர் கையாண்ட வழி எமக்குப் பெருவியப்பை அளிப்பது. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரலின் நீளமும் முன்னரே அளந்து வெளியிடப்பட்டிருந்தன. அவற்றை 3000 மட்டைத் துண்டுகளிலே எழுதி, நன்கு கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 தொகுதிகள் ஆக்கினார். ஒவ்வொரு தொகுதிக்கும் சராசரியும் விலகலும் கணித்துத் தாம் வருவித்த வளைவோடு ஒப்பிட்டார். இன்று கணினி இமைப்பொழுதிற் செய்யும் எழுமாற்றுப் பரிசோதனையை அம்மனிதர் கையாலே செய்து முடித்தார்.

அவர் கண்ட வளைவின் இயல்பை இங்கே சற்று விளக்குதல் வேண்டும். தோற்றத்தில் அதுவும் மணி போன்றதே. நடுப்பகுதி சற்றுத் தாழ்ந்தும், இரு புறமும் நீளும் வால்கள் தடித்தும் இருக்கும். செவ்வன் பரம்பலிலே நடுவிலிருந்து நான்கு விலகலுக்கு அப்பால் ஒரு பெறுமானம் விழுதல் ஏறக்குறைய 16,000இல் ஒரு முறையே நிகழும். நான்கு அளவுகளுக்குரிய ஸ்ரூடன்ற் வளைவிலோ அதே எல்லைக்கு அப்பால் 36இல் ஒரு முறை விழும். இரண்டே அளவுகள் இருப்பின் ஆறில் ஒரு முறைக்குச் சற்றுக் குறைவாக விழும். அளவுகள் பெருகப் பெருக வால் மெலிந்து செவ்வன் பரம்பலோடு ஒன்றிவிடும். வாலின் தடிப்பு எம் அறியாமையின் அளவு. குறைவாக அறிந்தவன் வியப்புக்கு அதிகம் இடம் விட்டு வைத்தல் வேண்டும் என்பதை அவ்வளவு துல்லியமாக எண்ணிற் காட்டியவர் அவருக்கு முன் மிகச் சிலரே.

மிகச் சிலர் என்றது காரணத்தோடுதான். கொசெற் பிறந்த அதே 1876ஆம் ஆண்டிலே, யேர்மனியைச் சேர்ந்த யாக்கோப் லூரொத் என்னும் கணித அறிஞர் இதே வளைவை வேறொரு வழியால் அடைந்திருந்தார். அது பேயஸ், லாப்பிளாஸ் ஆகியோர் காட்டிய வழி. அறியாத கணியங்களைப் பற்றி முன்னரே ஒரு நிகழ்தகவுப் பரம்பலைக் கொள்ளுதல். அளவுகள் வந்தபின் அதனைத் திருத்துதல். எமக்கு வேண்டாத அறியாமையைத் தொகையீட்டால் நீக்குதல். சராசரியையும் விலகலையும் அறியாதவனாக இவ்வழியிற் புறப்படுபவன், விலகலை நீக்கி முடிக்கும்போது கையில் எஞ்சுவது இத்தடித்த வால் வளைவே. லூரொத்தின் ஆய்வைக் கொசெற் அறிந்திருந்தாரெனக் கொள்ள இடமில்லை. ஆனால் பேயஸின் மனப்பாங்கு அவருக்கு அந்நியமன்று. 1908இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையிலே, இணைபுக் குணகத்தைப் பற்றி முடிவு கூற அதன் முன்னறிவுப் பரம்பலும் வேண்டும் என்று தெளிவாகவே தொடங்குகின்றார்.

முதற் கட்டுரையின் எடுத்துக்காட்டொன்றும் அதனையே காட்டும். பத்து நோயாளருக்கு இருவகைத் துயில் மருந்துகள் கொடுக்கப்பட்டன. முதலாவதிலும் இரண்டாவது எவ்வளவு மணி நேரம் மிகுதியாகத் துயில வைத்தது என்ற வேறுபாடுகள் பத்து: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. சராசரி 1.58 மணி. இரண்டாவது மருந்தே சிறந்தது என்பதற்கு 666க்கு 1 என்ற வீதத்திலே பந்தயம் கட்டலாம் என்ற பாங்கிலே அவர் முடிவு கூறினார். மருந்தைப் பற்றியே நேராகக் கூறப்பட்ட நிகழ்தகவு அது. பின்வந்தோர் பலர் இவ்வாறு பேசுதல் தகாதென்று கண்டித்தனர். அப்பத்து எண்களையும் அன்பர்கள் மனத்திற் கொள்க. 4.6 என்பது மற்றவற்றோடு சேராமல் தனித்து நிற்பதைக் காண்பீர்கள். அதற்கு மீண்டும் வருவோம்.

கட்டுரையை உலகம் உடனே ஏற்றதென்று கூறுதற்கில்லை. பெருந்தொகைகளோடு பழகிய பியர்சனுக்குச் சிறு மாதிரிகளில் அக்கறை குறைவு. 1912இலே கேம்பிறிட்ஜில் மாணவராயிருந்த றொனால்ட் பிஷர் என்னும் இளைஞர், பல பரிமாணக் கேத்திர கணிதத்தால் அவ்வளவைச் சரியென நிறுவிக் கொசெற்றுக்கு எழுதினார். அது தமக்கு விளங்கவில்லை என்று நேர்மையோடு ஒப்புக்கொண்ட கொசெற், அதனைப் பியர்சனுக்கு அனுப்பிவைத்தார். நிறுவல் 1915இலேதான் அச்சேறியது. 1925இல் வெளிவந்த பிஷரின் நூலால் ரீ என்ற குறியீட்டோடு அவ்வளைவு உலகெங்கும் பரவியது. பியர்சனும் பிஷரும் கொடிய பகைவரான பின்னரும் இருவருக்கும் நண்பராக இருந்தவர் கொசெற் ஒருவரே எனலாம். பிஷரோடு கருத்து வேற்றுமை இல்லாமலில்லை. நிலப் பரிசோதனைகளிலே வித்துகளை எழுமாற்றாக இடுவதா, ஒழுங்குபட இடுவதா என்ற வழக்கில் இருவரும் இறுதிவரை எதிரெதிரே நின்றனர். நட்பு முறியவில்லை.

தடித்த வால் கொசெற்றுக்கு ஒரு கணிதச் சூத்திரம் மட்டுமன்று. ஆய்வுகூடத்திலே நாள்தோறும் கண்ட உண்மை. 1927இல் வழமையான இரசாயனப் பகுப்பாய்வுகளின் வழுக்களைப் பற்றி எழுதினார். நிறை காண்பவர் எத்துணைக் கவனமுடையவராயினும், செவ்வன் பரம்பல் அனுமதிப்பதிலும் கூடுதலாகப் பெருவழுக்கள் நேர்கின்றன என்றும், ஒரே நாளிற் செய்த இரு பகுப்புகள் வெவ்வேறு நாட்களிற் செய்தவற்றிலும் மிகையாக ஒத்துப்போகின்றன என்றும் காட்டினார். அக்கட்டுரையிலே அவர் தம் கையாலே வரைந்த வேடிக்கைப் படங்கள் உள. குறுவால் கொண்ட பரம்பலுக்கு அவுஸ்திரேலியாவின் பிளற்றிப்பஸ் என்னும் விலங்கு. நீள்வால் கொண்டதற்கு எதிரெதிரே நிற்கும் இரு கங்காருகள். கணித சஞ்சிகையிலே கங்காரு வரைந்த அறிஞர் வேறெவரும் உளரோ நாம் அறியோம்.

1931இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முந்திய ஆண்டு ஸ்கொத்லாந்தின் லானார்க்ஷயரிலே 20,000 பள்ளிச் சிறாரைக் கொண்டு பெரும் பரிசோதனை ஒன்று நடந்தது. பாதிப் பேருக்கு நாளும் பால். பாதிப் பேருக்கு இல்லை. எவருக்கு என்பதைத் திருத்திக்கொள்ள ஆசிரியர்களுக்குச் சற்று இடமளிக்கப்பட்டது. மெலிந்த ஏழைப் பிள்ளையைக் கண்ட ஆசிரியர் மனம் என் செய்யும்? பால் அப்பிள்ளைகளுக்கே சென்றது, ஒப்பீடு பாழாயிற்று. கொசெற் இதனை எடுத்துக்காட்டி, ஒரே கருவிற் பிறந்த இரட்டையர் 50 சோடிகளைக் கொண்டு இதனிலும் நம்பத்தக்க விடையைச் சிறு செலவிலே பெற்றிருக்கலாம் என்றார். அந்த ஆசிரியர்களை எம்மாற் குறை கூற முடியவில்லை. கணக்கு வேறு, இரக்கம் வேறு.

அவரது செல்வாக்கு எம் தீவுக்கும் வந்ததுண்டு. ரொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்திலே பிஷரோடு பணியாற்றிய ரி. ஈடன் என்பவர், பின்னர் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் அமர்ந்து, தேயிலை நிலப் பரிசோதனைகளின் வழுக்களைப் பற்றி 1931இல் ஆய்வு வெளியிட்டார். சிறு நிலங்களிற் கிடைத்த சில எண்களைக் கொண்டு முடிவு கூறும் கலை தலவாக்கலை மலைகளை அடைந்தது இவ்வாறே.

கொசெற் எளிமையும் இன்சொல்லும் உடையவர். மரவேலை வல்லவர், தாமே படகு கட்டி மீன்பிடிக்கச் செல்வார், கனிமரங்கள் வளர்ப்பார். 1934இல் வண்டி விபத்தொன்றிற் காலொடிந்து பல வாரம் படுக்கையிற் கிடந்தார். அந்நாட்களையும் கணக்கிலே கழித்தார். 1935இலே நிறுவனம் இலண்டனின் பார்க் றோயலில் அமைத்த புதிய வடிசாலையை நடத்த அனுப்பப்பட்டார். 1937இல் தலைமை வடிப்பாளர் பதவி கிட்டியது. அதனைச் சில மாதமே வகித்தார். அவ்வாண்டு ஒற்றோபர் 16ஆம் நாள் 61ஆம் வயதிலே இறையடி எய்தினார். அடுத்த யனவரியிலே பிஷர், பேராசிரியர் மஹலனோபிஸின் அழைப்பின்பேரிற் கல்கத்தாவிலே இந்தியப் புள்ளிவிபர மாநாட்டுக்குத் தலைமை வகித்துக்கொண்டிருந்தார். பியர் வடிப்பாளரின் வளைவு அதற்குள் உலக ஆய்வாளர் அனைவரதும் பொதுச் சொத்தாகிவிட்டது.

இனி, அவ்வளைவின் மறுபிறப்பைக் கூறுவோம். பிஷரின் காலத்திலே பேயஸின் வழி பழிக்கப்பட்டிருந்தது. கேம்பிறிட்ஜைச் சேர்ந்த ஹரல்ட் ஜெப்ரீஸ் என்பவரே 1930களிலே தனித்து நின்று அதனைக் காத்தார். பூமியதிர்ச்சிப் பதிவுகளை ஆராய்ந்த அவருக்குத் தடித்த வாலின் அவசியம் நன்கு தெரியும். கோஷி பரம்பல் என்பது ஸ்ரூடன்ற் குடும்பத்திலே மிகத் தடித்த வாலுடையது. இரண்டே அளவுகளுக்குரிய வளைவு அதுவே. ஜெப்ரீஸ் 1939இல் வெளியிட்ட நூலிலே அதனை முன்னறிவுப் பரம்பலாகவே பயன்படுத்தினார். எனினும் அன்றைய கணக்குக் கருவிகளால் இவ்வழியில் நெடுந்தூரம் செல்லல் அரிது. கணினி வந்தபின்னரே கதவு திறந்தது. 1989இலே கேம்பிறிட்ஜிலே பக்ஸ் என்னும் மென்பொருளின் பணி தொடங்கியது. 2012இலே நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்ரான் என்னும் நிரல்மொழி வெளிவந்தது. இவற்றிலே ஆய்வாளர் தம் முன்னறிவையும் அளவுகள் தோன்றும் விதத்தையும் சில வரிகளில் எழுதினாற் போதும். எஞ்சியதைக் கணினி பல்லாயிரம் எழுமாற்று அடிகள் எடுத்து வைத்துக் கண்டறியும். கொசெற் மட்டைகளைக் கலைத்ததன் கொள்ளுப் பேரனே இம்முறை.

இந்நிரல்களிலே தடித்த வால் இரண்டு இடங்களில் உதவுகின்றது. முதலாவது முன்னறிவில். ஒரு கணியம் பூச்சியத்தை அண்டியது, விலகல் 1 என்று முன்னரே செவ்வன் பரம்பலால் எழுதிவைத்தோம். அளவுகளோ அதே விலகலோடு 10 என்று கூறுகின்றன. நிரல் 5 என்று விடை தரும். நண்பர் ஊர்காவற்றுறையில் உள்ளார் என்று ஒருவரும் பருத்தித்துறையில் உள்ளார் என்று மற்றொருவரும் கூற, இரண்டையும் நம்பி நடுவே நிலாவரைக் கிணற்றடியிலே சென்று தேடுவதை ஒக்கும் இது. முன்னறிவைத் தடித்த வாலோடு எழுதியிருந்தாலோ, முரண்பாடு முற்றியவிடத்து அது தானே விலகி அளவுகளுக்கு வழிவிடும். தன் கருத்து பிழையாகலாம் என்பதற்கு முன்னரே இடம் வைத்தவனுக்கே இது கூடும். இரண்டாவது, அளவுகளில். ஓர் அளவு மட்டும் தாறுமாறாக விழுந்தால், செவ்வன் பரம்பல் அதனைச் சமாதானஞ் செய்ய முழு விடையையும் அதன் பக்கம் இழுத்துச் செல்லும்; தடித்த வால் அதனை அரிதே ஆயினும் நிகழக்கூடியதென ஏற்றுக்கொண்டு அமைதியாக நிற்கும்.

அளவுக்கு மிஞ்சினால் இதிலும் கேடுண்டு. கோஷி பரம்பலுக்குச் சராசரியே இல்லை. ஆயிரம் பெறுமானங்களைச் சராசரி எடுத்தாலும் ஒன்றை எடுத்ததற்கு மேற்பட்ட உறுதி கிட்டாது. அத்தகைய முன்னறிவை இட்டு, அளவுகளும் சொற்பமாயின், கணினியின் அடிகள் வாலின் வழியே மிகத் தொலைவு சென்று மீள வழியறியாது அலையும். நடுவிலே பொருந்தும் அடி வாலிலே ஆமை நடை. ஆகவே நிரல் எழுதுவோர் ஓர் உபாயம் செய்வர். ஓர் ஒருசீரான கோணத்தை எடுத்து அதன் தான்சனைக் கண்டால் கோஷி கிடைக்கும். செவ்வன் பெறுமானம் ஒன்றை எழுமாற்றான விலகலோடு சேர்த்தால் ஸ்ரூடன்ற் கிடைக்கும். இவ்வாறு உருமாற்றி எழுதினால் கணினி இலகுவாக நடக்கும். அன்ட்ரூ கெல்மனும் அவர்தம் தோழர்களும் 2008இலே ஒருவகை ஆய்வுகளுக்குக் கோஷியையே பொது முன்னறிவாகப் பரிந்துரைத்தனர். பின்னர் அனுபவத்தால் அதனிலும் மெல்லிய வாலுடைய ஸ்ரூடன்ற் வளைவுகளை நாடினோர் பலர். எவ்வளவு தடிப்பு வேண்டும் என்பதை எந்த நூலும் அறுதியிட்டுக் கூறாது. அதைத் தீர்மானிப்பவர் தம் நிலத்தையும் தராசையும் அறிந்தவராயிருத்தல் வேண்டும், கொசெற் அறிந்திருந்தார்.

அந்தப் பத்து நோயாளருக்கு இப்போது வருவோம். கொசெற் தாம் கண்ட வளைவைச் சராசரியின் வழுவுக்கே பயன்படுத்தினார். தனித்தனி அளவுகள் செவ்வன் பரம்பலுடையன என்றே கொண்டார். 4.6 மணி மிகுதியாகத் துயின்ற ஒருவரால் சராசரி 1.58 ஆயிற்று, அவரை நீக்கினால் எஞ்சிய ஒன்பதின் சராசரி 1.24. நீக்குவதற்கோ நியாயமில்லை, அவரும் மெய்யாகவே துயின்ற ஒரு நோயாளர். இன்று அதே எண்களை ஸ்ரான் மொழியிலே இட்டு, அளவுகள் ஒவ்வொன்றும் தடித்த வாலுடைய வளைவிலிருந்து வந்தன என்று எழுதினால், எவரையும் நீக்காமலே விடை 1.3 மணியை அண்டி நிற்கும். அதற்கு மாற்ற வேண்டியது நிரலில் ஒரே வரி. அவ்வரியிலே தட்டெழுத வேண்டிய சொல் ஸ்ரூடன்ற் என்பது. அதுவும் சிறிய எழுத்துகளில்.